40 அடி நேரோபோட் வாங்கப் பார்க்கிறோம்: பாதுகாப்புச் சான்றிதழ் இருந்தால் சர்வே வேண்டாமா?

புதுப்படகு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நானும் மனைவியும் இங்கிலாந்தில் நார்த்தாம்டனில் இருக்கிறோம். மூன்று வருடமாக வார இறுதிகளில் கிராண்ட் யூனியன் கால்வாய்க் கரையில்தான் எங்கள் நடை. போன கோடையில் ஒரு வாரம் படகு வாடகைக்கு எடுத்து பிளிஸ்வொர்த் சுரங்கம் வரை போய் வந்தோம். அதிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை.

இப்போது பிரான்ஸ்டன் பக்கம் ஒரு நேரோபோட் (கால்வாயில் ஓடும் ஒடுங்கிய, நீளமான இரும்புப் படகு) பார்த்து வைத்திருக்கிறோம். 40 அடி, 1994இல் கட்டியது, பின்பக்கம் அகலத் தளம் உள்ள குரூசர் ஸ்டெர்ன் வகை. 31,500 பவுண்டு கேட்கிறார்கள். உள்ளே போனால் வெளியே வர மனம் வரவில்லை. ஓக் பலகைச் சுவர், புது கேஸ் அடுப்பு, மூலையில் விறகு அடுப்பு, சுத்தமான படுக்கை. விற்பவர் வயதானவர், நல்ல மனிதராகத் தெரிகிறார். போன வருடம்தான் பிளாக்கிங் (படகின் அடிப்பாகத்துக்குத் தார் பூசுவது) செய்ததாகச் சொல்கிறார். போட் சேஃப்டி சான்றிதழ் இன்னும் மூன்று வருடத்துக்கு இருக்கிறது.

என் கேள்விகள்:

சான்றிதழ்தான் இருக்கிறதே, தனியாக சர்வே (நிபுணரை வைத்துப் படகின் தகட்டைச் சோதிப்பது) எடுக்க வேண்டுமா? சர்வேயர் கட்டணம், படகைத் தண்ணீரிலிருந்து தூக்குகிற செலவு எல்லாம் சேர்த்தால் ஆயிரம் பவுண்டு நெருங்குகிறது.

மூரிங் (படகை நிரந்தரமாகக் கட்டிவைக்கும் இடம்) வாங்காமல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொண்டே சமாளிக்கலாமா? இருவருக்கும் முழுநேர வேலை.

நவம்பர் முதல் மார்ச் வரை படகைப் பூட்டிவிட்டு வந்துவிடலாம் என்று நினைக்கிறோம். சரியா?

அப்புறம், கருவிகளைப் பிடித்து வேலை செய்து எனக்குப் பழக்கம் இல்லை. படகைப் பார்த்துக்கொள்ள நானாக என்னென்ன கற்றுக்கொள்ள வேண்டும்?

---

கரையோரம் எழுதியது:

தம்பி, முதல் கேள்விக்கு மட்டும் முதலில் பதில் சொல்கிறேன். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். சர்வே எடுக்காமல் வாங்காதீர்கள்.

போட் சேஃப்டி சான்றிதழ் வேறு, சர்வே வேறு. புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். நான்கு வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் அந்தச் சான்றிதழ் கேஸ் குழாய், டீசல் குழாய், மின்கம்பி, காற்றோட்டம், தீயணைப்பான், கார்பன் மோனாக்சைடு அலாரம் இதையெல்லாம்தான் பார்க்கிறது. உங்கள் படகால் தீயோ வெடிப்போ வந்து பிறருக்கு ஆபத்து வரக்கூடாது என்பது அதன் நோக்கம். தண்ணீருக்கு அடியில் இருக்கும் இரும்புத் தகடு எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது என்று அது பார்ப்பதே இல்லை. படகு தண்ணீரில் இருக்கும்போதே அந்தச் சோதனை முடிந்துவிடும்.

நானும் கணவரும் 2014இல் முதல் படகு வாங்கினோம். 42 அடி. நீங்கள் சொன்ன அதே மாதிரி, உள்ளே போனதும் மயங்கிவிட்டோம். திரைச்சீலைகூட எனக்குப் பிடித்த நிறம். சர்வே வேண்டாம் என்று அந்தப் பணத்தில் புது பேட்டரி வாங்கினோம். இரண்டு வருடம் கழித்து பிளாக்கிங்குக்காகத் தூக்கினோம். உயர் அழுத்தத் தண்ணீர் அடித்துப் பழைய தாரைக் கழுவியபோது, தண்ணீர்க் கோட்டை ஒட்டி இடப்பக்கம் முழுக்க அம்மை வடு மாதிரி குழிகள். சின்ன விரல் நுனியை வைத்தால் உள்ளே பதிகிற அளவு. அளந்து பார்த்தவர் 6 மி.மீ. தகட்டில் ஓரிடத்தில் 2.8 மி.மீ.தான் இருக்கிறது என்றார். மேலே புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய 6,400 பவுண்டு ஆனது. அந்த வருடம் நாங்கள் விடுமுறைக்கு எங்கும் போகவில்லை. அந்தக் குழிகளின் மேல்தான் முந்தைய உரிமையாளர் புதுத் தார் பூசி விற்றிருந்தார். தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

அதனால் "போன வருடம்தான் பிளாக்கிங்" என்பதை நல்ல செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். தார் பூசிய யார்டின் (படகுப் பட்டறையின்) ரசீது கேளுங்கள். பூசுவதற்கு முன் எடுத்த படம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

சர்வே நாளன்று கட்டாயம் நேரில் போய் நில்லுங்கள். சர்வேயர் ஒரு சின்னச் சுத்தியலால் தகட்டைத் தட்டிக்கொண்டே போவார். நல்ல தகடு மணி மாதிரி "டங்" என்று பதில் சொல்லும். மெலிந்த இடத்திலும், துரு அடுக்கடுக்காக நிற்கும் இடத்திலும் சத்தம் செத்துவிடும். பக்கத்தில் நின்று கேட்டால் உங்களுக்கே தெரியும். அப்புறம் தாரைச் சுரண்டிவிட்டு அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து இடம் இடமாக அளப்பார். நூற்றுக்கணக்கான அளவுகள் வரும். அதில் சராசரியைப் பார்க்காதீர்கள், மிகக் குறைந்ததைப் பாருங்கள். எங்கே குறைவு என்றும் பாருங்கள்: தண்ணீர்க் கோடு, பின்பக்கம் புரொப்பெல்லரை நோக்கிக் குறுகும் பகுதி, அடித்தகடும் பக்கத்தகடும் சேரும் விளிம்பு. தண்ணீரும் காற்றும் மாறி மாறிப் படுகிற கோட்டில்தான் இரும்பு அதிகம் அரிக்கும்.

இப்போது கட்டும் படகுகளில் பெரும்பாலும் 10/6/4 என்பார்கள்: அடித்தகடு 10 மி.மீ., பக்கம் 6, மேற்கூரை 4. உங்கள் படகு 1994. அந்தக் காலத்துச் சில படகுகளில் அடித்தகடே 6 மி.மீ.தான். முதலில் என்ன கனம் என்று தெரிந்தால்தான் இப்போதைய எண்ணுக்கு அர்த்தம் வரும். எங்காவது 4 மி.மீ.க்குக் கீழே போனால் பல காப்பீட்டு நிறுவனங்கள் முழுக் காப்பீடு தரத் தயங்கும். முப்பது வருடம் தாண்டிய படகு என்பதால் அவர்களே சர்வே அறிக்கை கேட்கவும் வாய்ப்பு அதிகம். அந்த ஆயிரம் பவுண்டை எப்படியும் செலவழிக்கத்தான் போகிறீர்கள். வாங்குவதற்கு முன்பே செலவழியுங்கள்.

இன்னொன்று. காருக்கு இருப்பது மாதிரி படகுக்கு உரிமைப் பதிவேடு எதுவும் கட்டாயமாக இல்லை. கால்வாய் லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருப்பதால் படகு அவருடையது என்று ஆகிவிடாது. அவர் வாங்கியபோது எழுதிய விற்பனைப் பத்திரம், பழைய காப்பீட்டுத் தாள்கள், யார்டு ரசீதுகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். கடன் பாக்கி இல்லை என்று எழுதி வாங்குங்கள். நல்ல மனிதராக இருந்தால் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்.

---

டீசல்வாசம் எழுதியது:

அக்கா சொன்னது தகடு. நான் எஞ்சின் மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் போகும் முன்பு எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லுங்கள். போனதும் எஞ்சின் மேல் கை வைத்துப் பாருங்கள். குளிர்ந்திருந்தால்தான் சோதனை சோதனை. ஆறிய டீசல் எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதில் பாதிக் கதை தெரிந்துவிடும். ஆரம்பத்தில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து, சூடானதும் மறைந்தால் பயமில்லை. நீலப் புகை நின்றுகொண்டே இருந்தால் ஆயில் எரிகிறது. வேகம் கூட்டும்போது கறுப்பாகக் கக்கினால் டீசல் முழுதாக எரியவில்லை. இன்ஜெக்டரோ, காற்று போதாததோ, புரொப்பெல்லர் அளவு பெரிதோ, பார்க்க வேண்டும். கட்டிப்போட்ட நிலையிலேயே கியர் போட்டு இருபது நிமிடம் ஓடவிடுங்கள். கயிறு நன்றாக இறுக்கியிருக்கட்டும், பக்கத்துப் படகுகளை ஆட்டாத அளவு மெதுவாக.

ஆல்டர்னேட்டர் பெல்ட் பக்கம் கறுப்புத் தூள் படிந்திருந்தால் பெல்ட் வழுக்குகிறது அல்லது நேராக உட்காரவில்லை. சின்ன விஷயம்தான், ஆனால் அதைக்கூடக் கவனிக்காதவர் வேறு எதையும் கவனித்திருக்க மாட்டார்.

கருவி பழக்கம் இல்லை என்று கவலைப்படாதீர்கள். ஆயில் மாற்றுவது, ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர் இந்த மூன்றும் ஒரு சனிக்கிழமை காலையில் கற்றுக்கொள்ளலாம். கையேட்டில் போட்டிருக்கும் மணிக்கணக்கைப் பாருங்கள், பெரும்பாலும் 200, 250 மணி நேரத்துக்கு ஒருமுறை. வார இறுதியில் மட்டும் ஓட்டினால் அந்தக் கணக்கு வருவதற்குள் வருடம் முடிந்துவிடும். அப்படியானால் வருடத்துக்கு ஒருமுறை, குளிர்காலத்துக்கு முன் மாற்றிவிடுங்கள். பழைய ஆயிலின் அமிலம் ஐந்து மாதம் பேரிங்கில் உட்காரக்கூடாது.

---

நாடோடிப்படகு எழுதியது:

மூரிங் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். ஆறு வருடமாக நிரந்தர மூரிங் இல்லாமல் படகிலேயே வாழ்கிறேன். எனக்குப் பிடித்த வாழ்க்கை. ஆனால் உங்களுக்கு வேண்டாம் என்பேன்.

பலர் இதை "14 நாள் விதி" என்று மட்டும் புரிந்துகொள்கிறார்கள். 1995ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது, மூரிங் இல்லாத படகு உண்மையாகவே பயணத்துக்குப் பயன்பட வேண்டும், நியாயமான காரணம் இல்லாமல் ஒரே இடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கக்கூடாது என்று. பலகையில் குறைந்த நாள் போட்டிருந்தால் அதுதான் கணக்கு. ஒரே ஊரைச் சுற்றி முன்னும் பின்னும் இரண்டு மைல் நகர்வது பயணம் ஆகாது. கால்வாய்களை நிர்வகிக்கும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் ஆட்கள் டோபாத்தில் (கரையோர நடைபாதையில்) நடந்து படகு எண்களைக் குறித்துக்கொண்டே இருப்பார்கள். போதுமான தூரம் போகவில்லை என்றால் லைசென்ஸ் புதுப்பிப்பதில் சிக்கல் வரும். 2024 ஏப்ரல் முதல் மூரிங் இல்லாதவர்களுக்கு லைசென்ஸ் கட்டணத்தோடு கூடுதல் தொகையும் சேர்கிறது.

கட்டணம்கூடப் பெரிதில்லை. முழுநேர வேலை பார்ப்பவருக்கு இது உடம்புக்கு ஆகாது. வெள்ளி இரவு படகு இருக்கும் இடத்தைத் தேடிப் போய், சனி முழுக்க நகர்த்தி, ஞாயிறு மாலை காரை விட்டுவந்த இடத்துக்குப் பஸ் பிடிக்க வேண்டும். மழை, உறவினர் திருமணம் எதுவும் காரணம் ஆகாது. குளிர்காலத்தில் பழுதுபார்ப்புக்காக லாக்குகளை (படகை ஏற்றி இறக்கும் நீர்க்கதவுத் தொட்டிகளை) வாரக்கணக்கில் மூடுவார்கள். மூடும் அட்டவணையைப் பார்த்துத் திட்டமிடாவிட்டால் தப்பான பக்கம் மாட்டிக்கொள்வீர்கள்.

பண்ணை ஓரத்து மூரிங் ஏதாவது விசாரியுங்கள். மெரினா என்னும் படகுத்துறையைவிடக் கட்டணம் குறைவாக இருக்கும். மின்சாரம் இருக்காது, குழாய் இருந்தால் அதிர்ஷ்டம்.

---

புதுப்படகு எழுதியது:

மூவருக்கும் மிகவும் நன்றி. உங்கள் பதில்களை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். திரைச்சீலை நிறம் பற்றிச் சொன்ன இடத்தில் என்னை ஒரு பார்வை பார்த்தாள். சர்வேக்குச் சொல்லிவிட்டோம், இன்னும் இரண்டு வாரத்தில். வீடன் பக்கம் ஒரு மூரிங் கிடைக்கும்போல் இருக்கிறது. தண்ணீர்க் குழாய் உண்டு, மின்சாரம் இல்லை.

அக்கா, குளிர்காலம் பற்றியும், நானாகச் செய்ய வேண்டியவை பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?

---

கரையோரம் எழுதியது:

சொல்கிறேன். தேநீர் போட்டுக்கொண்டு உட்காருங்கள், நீளமாகப் போகும்.

ஐந்து மாதம் பூட்டிப்போடலாம், ஆனால் எட்டிப்பார்க்காமல் இருக்கக்கூடாது. நார்த்தாம்டனிலிருந்து வீடன் பக்கம்தானே, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்விடுங்கள். போனதும் கதவைத் திறந்து உள்ளே போகாதீர்கள். முதலில் பின்தளத்துப் பலகையைத் தூக்கி எஞ்சின் அறையின் அடியைப் பாருங்கள். தண்ணீர் நிற்கிறதா, எவ்வளவு, எங்கிருந்து? நான் முதலில் வாசனையைத்தான் பார்ப்பேன். மூடியைத் தூக்கியதும் டீசலும் கிரீஸும் கலந்த பழகிய வாசனை வர வேண்டும். கால்வாய்ச் சேற்று வாசனை வந்தால் எங்கோ தண்ணீர் ஏறியிருக்கிறது.

குரூசர் ஸ்டெர்னில் இன்னொரு தொல்லை மழைத்தண்ணீர். பின்தளப் பலகைகளுக்கு அடியில் சுற்றிலும் ஒரு சின்ன வாய்க்கால் இருக்கும். மழை அதில் விழுந்து ஓட்டை வழியாக வெளியே போகும். நவம்பரில் நாலு இலை விழுந்து அந்த ஓட்டையை அடைத்தால் மழை முழுக்க எஞ்சின் அறைக்குள்தான். பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றை அங்கேயே வையுங்கள், ஒவ்வொரு முறையும் தள்ளிவிட்டு வாருங்கள்.

தண்ணீரை வெளியேற்ற பில்ஜ் பம்ப் இருக்கும். அது தானாக இயங்குகிறதா, அதன் கம்பி நேராக பேட்டரியிலிருந்து போகிறதா என்று பாருங்கள். எங்கள் இரண்டாவது குளிர்காலத்தில் நான் பொறுப்பாக மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தேன். பம்ப்பும் அந்த சுவிட்ச் வழியாகத்தான் இணைந்திருந்தது. மூன்று வாரம் கழித்துப் போனபோது ஸ்டார்ட்டர் மோட்டார் தண்ணீரில் மூழ்கியிருந்தது. இன்னும் ஒரு வாரம் தள்ளிப் போயிருந்தால் படகே இருந்திருக்காது. உங்கள் மூரிங்கில் மின்சாரம் இல்லை என்பதால் கூரையில் சின்ன சோலார் பலகை ஒன்று போட்டுவிடுங்கள். டிசம்பர் வெயில் விளக்கு எரிக்கப் போதாது, ஆனால் யாரும் இல்லாத படகில் பம்ப்பின் பேட்டரியை உயிரோடு வைத்திருக்கும். ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறங்கவிட்டால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும்.

(மின்சாரம் உள்ள மெரினாவுக்கு என்றாவது மாறினால் கால்வானிக் ஐசோலேட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாமல் கரை மின்சாரத்தில் கோர்த்தால், எர்த் கம்பி வழியாகப் பக்கத்துப் படகோடு சேர்ந்து உங்கள் தகடு கரைய ஆரம்பிக்கும்.)

உறைபனி. முதல் உறைபனிக்கு முன் தண்ணீர் பம்ப்பை அணைத்து, எல்லாக் குழாய்களையும் திறந்து வடியவிடுங்கள். சுடுதண்ணீர் டாங்க்கையும் வடியுங்கள். பலர் மறப்பது ஷவர். வெந்நீர், தண்ணீர் இரண்டும் கலக்கும் அந்த மிக்ஸருக்குள் ஒரு வாய் தண்ணீர் நின்றுவிடும், அது உறைந்தால் மிக்ஸர் வெடித்துவிடும். கைப்பிடியை நடுவில் வைத்து, ஷவர் தலையைக் கழற்றித் தரையில் போட்டுவிடுங்கள். எஞ்சின் குளிர்விப்பான் திரவத்தில் ஆன்டிஃபிரீஸ் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனைக் குழல் விற்கிறது. டீசல் டாங்க்கை முழுக்க நிரப்பிவிடுங்கள். பாதி காலியாக விட்டால் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் குளிரில் வியர்த்து டீசலில் இறங்கும். அந்தத் தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவில்தான் கறுப்புச் சளி மாதிரி கிருமி வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். கேஸ் சிலிண்டரில் புரொப்பேன்தான் வாங்குங்கள். பியூட்டேன் பூஜ்யம் டிகிரி பக்கத்தில் ஆவியாகாது, அடுப்பு எரியாது.

அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள், மெத்தையைச் சாய்த்து நிறுத்துங்கள், காற்றோட்டத் துளைகளைக் குளிர் வருகிறது என்று துணி வைத்து அடைக்கவே அடைக்காதீர்கள். ஈரத்துக்காக மட்டும் சொல்லவில்லை. விறகு அடுப்பு உள்ள படகில் அந்தத் துளைதான் உயிர். அடுப்புக் கதவின் விளிம்பை அடைக்கும் கயிறு தேய்ந்ததும் மாற்றுங்கள், புகைக்குழாயைப் பருவத்துக்கு ஒருமுறை தேய்த்துவிடுங்கள், அலாரத்தின் பொத்தானை ஒவ்வொரு வருகையிலும் அழுத்திப் பாருங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

பிளாக்கிங்கை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை செய்துவிடுங்கள், மூன்றுக்குத் தள்ளாதீர்கள். எபாக்சி பூச்சு அதைவிட நீண்ட நாள் நிற்கும், ஆனால் தகட்டை வெள்ளை உலோகம் தெரியும் வரை சுத்தம் செய்துவிட்டுப் பூச வேண்டும், முதல் செலவு அதிகம். தூக்கியபோதே ஆனோடுகளைப் பாருங்கள். படகின் இரும்புக்குப் பதிலாகத் தான் கரைவதற்காகப் பற்றவைத்த மெக்னீசியக் கட்டிகள் அவை. பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள். அவற்றின் மேல் தார் படவே கூடாது, பட்டால் வேலை செய்யாது.

கடைசியாக ஒன்று, இதைத்தான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். புரொப்பெல்லர் தண்டு படகைத் துளைத்து வெளியே போகும் இடத்தில் ஸ்டெர்ன் கிளாண்ட் இருக்கிறது. கிரீஸில் ஊறிய கயிறுச் சுற்றுகளால் அடைத்திருப்பார்கள். பக்கத்தில் பித்தளைக் குப்பி, மேலே கைப்பிடி. ஓடும்போது அங்கே சில சொட்டு விழுவது சரி. அன்றைய ஓட்டம் முடிந்து எஞ்சினை நிறுத்தியதும் கைப்பிடியைத் திருகுங்கள், கையில் இறுக்கம் வரும் வரை. சொட்டு நிற்கும். கயிறு கட்டுவது, எஞ்சின் நிறுத்துவது, கிரீஸ் திருகுவது. இது ஒரே வேலையாகக் கைக்கு வந்துவிட வேண்டும்.

புரொப்பெல்லரில் பிளாஸ்டிக் பையோ கயிறோ சுற்றினால் அதற்கு மேலே தளத்தில் இருக்கும் வீட் ஹாட்ச் என்ற துளையின் மூடியைத் திறந்து கைவிட்டு எடுப்பீர்கள். எஞ்சின் சாவியை எடுத்து மனைவி கையில் கொடுத்துவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். மூடியைத் திரும்ப வைத்து இறுக்கியதைக் கையால் ஆட்டிப் பார்த்த பிறகுதான் சாவி உங்கள் கைக்கு வர வேண்டும். சரியாக மூடாத அந்த ஒரு மூடியால் மூழ்கிய படகுகள் உண்டு.

---

புதுப்படகு எழுதியது:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

சர்வே நடந்தது. நான் பக்கத்திலேயே நின்றேன். அக்கா சொன்ன சத்தம் எனக்கும் கேட்டது. அணியத்திலிருந்து நடுப்பகுதி வரை மணி மாதிரிதான். பின்னால் இடப்பக்கம், எஞ்சினுக்கு நேர் கீழே வந்ததும் மாறியது. சர்வேயர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி அதே இடத்தில் தட்டினார். பக்கத்தகடு பொதுவாக 5.2, 5.3 இருக்கிறது, அந்த இடத்தில் மட்டும் நாலைந்து குழிகள், மோசமானது 3.4. ஆனோடு நான்கில் இரண்டு கிட்டத்தட்டக் கரைந்துவிட்டன, மிச்ச இரண்டின் மேல் தார் பூசியிருந்தது.

விற்பவருக்கு முகம் வாடிவிட்டது. அவருக்கு உண்மையிலேயே தெரியாது என்று நினைக்கிறேன். யார்டுக்குப் பணம் கொடுத்திருக்கிறார், அவர்கள் செய்ததை அவர் பார்க்கவில்லை. அறிக்கையை வைத்துப் பேசி 27,000க்கு முடித்தோம். படகு மேலே இருக்கும்போதே குழிகளை வெல்டிங் செய்து நிரப்பி, நான்கு ஆனோடும் புதிதாக வைத்து, சர்வேயர் மறுபடி பார்த்து எழுதிக் கொடுத்தார். காப்பீடும் கிடைத்துவிட்டது.

இன்று முதல் ஓட்டம். பிரான்ஸ்டனில் ஆறு லாக்கும் ஏறி, சுரங்கம் கடந்து, பக்பியில் ஏழு லாக்கும் இறங்கி வீடன் வந்து சேர்ந்தோம். மனைவி வின்ட்லஸ் (லாக்கின் மடையைத் திறக்கும் கைப்பிடி), நான் சுக்கான். இறங்கிய ஒவ்வொரு லாக்கிலும் சுவரில் உள்ள வெள்ளைக் கோட்டுக்கு முன்னாலேயே பின்பக்கத்தை நிறுத்தினேன், கதவுக்கு அடியில் இருக்கும் திட்டில் மாட்டவில்லை.

இப்போது ஒரு சந்தேகம். எஞ்சினை நிறுத்திவிட்டு கிரீஸ் திருகினேன். நாலு சுற்று சுற்றியும் கையில் இறுக்கமே வரவில்லை. அஞ்சு விநாடிக்கு ஒரு சொட்டு விழுந்துகொண்டே இருக்கிறது. இன்றிரவு இங்கேயேதான் படுக்கிறோம். கிளாண்டின் நட்டை இறுக்கட்டுமா?

---

கரையோரம் எழுதியது:

நட்டைத் தொடாதீர்கள். குப்பி காலி. கைப்பிடியோடு மூடியை முழுக்கக் கழற்றுங்கள், உள்ளே கிரீஸ் அடைத்து நிரப்புங்கள், காற்றுக் குமிழ் இல்லாமல் விரலால் அழுத்தி. தண்ணீர் தாங்கும் ஸ்டெர்ன் டியூப் கிரீஸ்தான் வேண்டும். அந்த மனிதர் எஞ்சின் அறையில் டின் ஏதாவது வைத்திருப்பார், தேடுங்கள். மூடியைப் போட்டு மெதுவாகத் திருகுங்கள். கொஞ்ச நேரம் சும்மா சுற்றும், அப்புறம் கை பிடிக்கும். பிடித்ததும் நிறுத்துங்கள், முரட்டுத்தனம் வேண்டாம்.

அதற்கும் நிற்கவில்லை என்றால்தான் நட்டு. இரண்டு பக்கத்து நட்டையும் சமமாக, ஒவ்வொரு தடவையும் நட்டின் ஒரு முகம் திரும்பும் அளவுக்கு மேல் வேண்டாம். அதிகம் இறுக்கினால் நாளைக்கு ஓடும்போது கிளாண்ட் சூடேறும். கை வைக்க முடியாத சூடு என்றால் இறுக்கம் அதிகம் என்று அர்த்தம்.

பம்ப் ஆட்டோவில் இருக்கட்டும். கிளாண்டுக்கு அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

---

புதுப்படகு எழுதியது:

டின் கிடைத்தது, இடப்பக்கப் பெட்டிக்குள், பழைய துணியில் சுற்றி. குப்பி நிரம்ப நிறையப் பிடித்தது. ஆறாவது சுற்றில் கை பிடித்தது.

காலை 7 மணி. இருவரும் எழுந்து முதல் வேலையாகப் பலகையைத் தூக்கிப் பார்த்தோம். செய்தித்தாள் காய்ந்திருக்கிறது.